படுக்கையிலிருந்து பார்த்தல்

வைத்தியசாலைகளைத் திருத்த 'வடிவமைப்புச் சிந்தனை' என்றொரு முறை இன்று பேசப்படுகிறது. மேசையிலிருந்து திட்டம் போடாமல், நோயாளியையும் தாதியையும் அருகிருந்து அவதானித்து, சிறு மாற்றமொன்றைச் செய்துபார்த்துத் திருத்திக்கொள்வதே அதன் சாரம். அமெரிக்காவில் கைசர் நிறுவனத்தின் நான்கு வைத்தியசாலைகளில் நடந்த முயற்சியை டிம் பிரவுண் 2008 இல் எழுதினார். கடமை மாறும்போது தாதியர் தமது இடத்தில் முக்கால் மணிநேரமளவு பேசிக்கொண்டிருக்க, நோயாளி கவனிப்பாரின்றிக் கிடந்தார். அந்தப் பேச்சைக் கட்டிலருகே, நோயாளியின் முன்னிலையிலேயே நடத்தும்படி மாற்றினார்கள்.

பெயர்தான் புதிது. 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் மன்சூரி மருத்துவமனையைக் கட்டத் தொடங்கினார். முன்பு திமிஷ்கில் நோயுற்றபோது அங்கிருந்த நூரி மருத்துவமனையின் மருந்தால் குணமாகி, தானும் அப்படியொன்று கட்டுவதாக அவர் நேர்ந்துகொண்டார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். நோயில் கிடந்தவரே கட்டியதால்தானோ என்னவோ, அதன் வக்ஃபுப் பத்திரம் சிறியவற்றையும் மறக்கவில்லை. வெயில் காலத்தில் நோயாளர் வீசிக்கொள்ள ஓலை விசிறி, உணவை மூடிக் கொடுக்கும் பாத்திரம் என்பவற்றுக்கும் அதில் இடமுண்டு. ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்ற பேதமும் இல்லை.

ஸ்குட்டாரிக்குப் போகுமுன், 1853 இல் லண்டன் ஹார்லி வீதி இல்லத்தைப் பொறுப்பேற்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல், மாடிதோறும் சுடுநீர்க் குழாயும், உணவை மேலேற்றும் தூக்கியும் கேட்டார். நோயாளி மணி அடித்தால் அடித்தவர் யாரென்று தாதிக்குத் தெரியும்படி அடையாளம் திறந்து நிற்க வேண்டும் என்றார். தாதியின் கால்கள் படிகளில் ஓய்ந்துபோனால் அவள் கைகள் நோயாளியிடம் வந்து சேரா என்பதை அவர் கண்டிருந்தார்.

எமது மண்ணில் இதைச் செய்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த இந்த அமெரிக்க மிசன் வைத்தியர், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரச உத்தியோகத்தை நாடிச் சென்றனர்; கிராமத்து நோயாளி தனித்து நின்றார். 1864 முதல் கிறீன் தமிழிலேயே கற்பிக்கலானார். கலைச்சொற்களை ஆக்கி, உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளில் தமிழ் நூல்களைத் தந்தார். 1873 இல் அவர் ஊர் திரும்பும்போது அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டிருந்தனர். மதம் பரப்பும் நோக்கம் அவருக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. ஆயினும் நோயாளியின் மொழியே மருந்தின் முதற்பாதி என்பதை நம்மவர் பலருக்கும் முன்னே அவர் உணர்ந்தார்.

இந்தச் சரித்திரம் திருகோணமலைக்கு எதற்கு? 2004 டிசம்பர் 26 இல் கிண்ணியா வைத்தியசாலையைக் கடல் கொண்டுபோனது. 2009 இல் பாலம் திறக்கும்வரை, வலியெடுத்த தாயைப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் குறுக்கு வழியே கொண்டுசெல்லக் களப்பைப் படகுப் பாதையில் கடக்க வேண்டியிருந்தது. கட்டடம் எழுந்தது, பாலமும் வந்தது. பாக்கியிருப்பது வாட்டுக்குள்ளே. 1987 இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனால் கட்டிலருகே பேசப்படுவது நோயாளிக்கு விளங்காத மொழியென்றால், கைசரின் மாற்றம் இங்கே சடங்காகிவிடும். தன்னைப் பற்றிய பேச்சில் அவரே அந்நியராவார்.

அச்சமும் ஒரு நோயே. 2020 மார்ச்சிலிருந்து 2021 பெப்ரவரி வரை, கொரோனாவால் மௌத்தானோரின் ஜனாஸாக்களை அடக்க அனுமதியில்லாமல் எரித்த நாட்களில், வைத்தியசாலை என்றதுமே எம்மவர் பலர் நடுங்கினர். சிகிச்சைக்கு முன்னரே அதன் முடிவை எண்ணிப் பயந்தவரிடம் எந்த நிர்வாகியும் வந்து, "உங்கள் பயம் என்ன?" என்று கேட்கவில்லை. 2024 இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. கேள்வி முன்பே கேட்கப்பட்டிருந்தால் மன்னிப்புக்கு வேலை இருந்திராது.

கலாவூனின் ஓலை விசிறிக்குப் பெரும் செலவில்லை. தாதியர் கல்லூரிகளில் இரு மொழியும் பேசப் பழக்குவதும், கடமை மாறும்போது நோயாளியிடம் அவரது மொழியில் இரண்டு வார்த்தை கேட்பதும் அப்படித்தான். கேட்க வேண்டுமென்ற எண்ணம் முதலில் வரவேண்டும்.