1897இல் காட்டிய படங்களும் நம் ஆண்டு விழா கேசட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

போன சனிக்கிழமை எழும்பூர் மியூசியம் தியேட்டரில் குறும்படங்களும் பாட்டு வீடியோக்களும் திரையிட்டார்கள். அதில் ஒன்று என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் எடுத்தது. "டீச்சர், நீங்க வந்தே ஆகணும்" என்று இரண்டு முறை போன் செய்துவிட்டான். மேடவாக்கம் கூட்ரோட்டில் பஸ் ஏறி, தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் மீன் பிடிக்கும் ஒரு பெரியவரைப் பற்றிய படம், ஏழே நிமிடம். நன்றாகவே எடுத்திருந்தான். (ஐந்தாம் வகுப்பில் அவனுக்கு வாய்ப்பாடு வராது. அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.)

அந்த அரங்கம் 1896இல் கட்டியது. அதே ஆண்டு ஜூலை 7ஆம் தேதிதான் பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் படங்களை முதன்முதலாகக் காட்டினார்கள். மொத்தம் ஆறு படங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ரயில் வந்து நிற்கும், ஆலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வருவார்கள், அவ்வளவுதான். மறு ஆண்டு, 1897இல், எட்வர்ட்ஸ் என்பவர் நம் சென்னையில் விக்டோரியா பப்ளிக் ஹாலில் இப்படிப்பட்ட துண்டுப் படங்களைக் காட்டினார். சென்ட்ரல் எதிரே, ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கிறதே, அதே கட்டடம். ஆக, சினிமா இங்கே வந்து இறங்கியதே குறும்பட மாலையாகத்தான்.

1905இல் திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் இயேசுவின் வாழ்க்கை பற்றிய படத்தையும் வாங்கினார். அதற்காக வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார்.

பாட்டு வீடியோ புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளியானபோது, டி.பி. ராஜலட்சுமியின் குறத்திப் பாட்டும் நடனமும் கொண்ட நான்கு ரீல் படத்தையும் சேர்த்துத்தான் காட்டினார்கள். படப்பெட்டி சென்ட்ரலில் வந்து இறங்கியதும் வால்டாக்ஸ் ரோடு வழியாக ஊர்வலம். தேங்காய் உடைத்து, பூத்தூவி, சாமி புறப்பாடு மாதிரி கினிமா சென்ட்ரல் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

அப்படிக் கொண்டுபோன படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டுடியோ வைத்து நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்', தென்னாட்டின் முதல் கதைப்படம், அதுவும் இல்லை. அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட்டில் செய்தது. லேசில் தீப்பற்றும், சும்மா வைத்திருந்தாலும் உளுத்துப் பொடியாகும். ஓடி முடித்த படத்தை யாரும் மதிக்கவும் இல்லை. தென்னிந்திய ஊமைப் படங்களில் ஏறக்குறைய முழுதாகத் தப்பியது 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். அதுவும் யாரும் பாதுகாத்ததால் அல்ல! நாவலின் உரிமை பற்றி வழக்கு நடந்து, பிரதி புத்தகப் பதிப்பாளர் கைக்குப் போய், அவருடைய கிடங்கில் கிடந்தது. 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் வாங்கிக்கொண்டது. வழக்கு நடந்திராவிட்டால் அதுவும் போயிருக்கும்.

இதையெல்லாம் திரும்பும்போது ரயிலில் நினைத்துக்கொண்டே வந்தேன். படம் எடுத்த பையனிடம், "இதை எங்கேப்பா பத்திரமா வச்சிருக்க?" என்று கேட்டேன். "போன்லதான் டீச்சர்" என்றான். திட்டினேன். ஆனால் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

1998 ஆண்டு விழாவை வாடகை கேமரா வைத்து வீடியோ எடுத்தோமே, நினைவிருக்கிறதா? கட்டபொம்மன் நாடகம், கரகம், இரண்டு குழு நடனம். அந்தக் கேசட் என் வீட்டு மர பீரோவின் கீழ்த்தட்டில்தான் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பாத்திரத்தையும் பாஸ்புக்கையும் மாடிக்கு ஏற்றினேன், கேசட் ஞாபகமே வரவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் நாடா முழுக்கப் பூஞ்சை.

அந்த நாடகத்தில் கட்டபொம்மனாக நடித்தவன் இப்போது நம்மோடு இல்லை. உங்களில் பலருக்குத் தெரியும். போன மாதம் அவன் அம்மாவைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். "டீச்சர், அவன் பேசின மாதிரி எதுவும் எங்ககிட்ட இல்ல. அந்த கேசட் இருக்குங்களா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. பார்க்கிறேன்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்போது இரண்டு பிரதிகள் போட்டோம். இன்னொன்றை உங்களில் யாரோ வீட்டில் போட்டுப் பார்க்க வாங்கிப் போனீர்கள், யாரென்று எனக்கு மறந்துவிட்டது. கறுப்புக் கேசட். முதுகில் என் கையெழுத்தில் சிவப்பு மையில் 'ஆண்டு விழா 98' என்று எழுதியிருக்கும். பரணிலோ, அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியிலோ ஒருமுறை பாருங்கள். கிடைத்தால் நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டாம், நாடா அறுந்துவிடும். எனக்கு ஒரு போன் செய்யுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.