குளிர்விரும்பி மீத்தேனுண்ணி பாக்டீரியா

குளிர்விரும்பி மீத்தேனுண்ணி பாக்டீரியாக்கள் என்பவை, தாழ்ந்த வெப்பநிலையில் சிறப்பாக வளர்ந்து, மீத்தேனையே தமது கரிம மூலமாகவும் ஆற்றல் மூலமாகவும் கொள்ளும் நுண்ணுயிரிகள் ஆகும். 100 ஆண்டுக் கால அளவில் மீத்தேன், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. அவ்வளிமம் காற்றில் கலக்குமுன் அதில் ஒரு பகுதியை இவை உண்டு விடுகின்றன.

குளிர்விரும்பியும் குளிர்தாங்கியும்

ரிச்சர்ட் மோரிட்டா 1975இல் தந்த வரையறைப்படி, 15 பாகை செல்சியசு அல்லது அதற்குக் கீழே மிக நன்றாக வளர்வனவும், ஏறத்தாழ 20 பாகைக்கு மேல் வளராதனவுமே குளிர்விரும்பிகள். குளிர்நிலத்தில் வாழ்வதாலேயே ஓர் உயிரியைக் குளிர்விரும்பி எனக் கூறிவிட முடியாது. சுவால்பார்டு தீவுகளின் ஈரநில மண்ணிலிருந்து பெறப்பட்டு 2006இல் விவரிக்கப்பட்ட மெத்திலோபாக்டர் டன்ட்ரிபாலுடம், 23 பாகையில்தான் நன்கு வளர்கிறது. எனவே அது குளிர்தாங்கியே. உண்மையான குளிர்விரும்பிகளாக வளர்க்கப்பட்டவை மிகச் சிலவே. சைபீரியத் தூந்திர மண்ணிலிருந்து பெறப்பட்ட மெத்திலோபாக்டர் சைக்ரோபிலசு அவற்றுள் ஒன்று.

மற்றொன்று மெத்திலோஸ்பேரா ஹான்சோனி. இது கிழக்கு அண்டார்க்டிகாவின் வெஸ்ட்ஃபோல்ட் குன்றுகளிலுள்ள ஏஸ் ஏரியில் கண்டறியப்பட்டு 1997இல் விவரிக்கப்பட்டது. முன்பு கடலோடு இணைந்திருந்த இவ்வேரியின் மேல்நீரும் அடிநீரும் கலப்பதில்லை. அடிநீரில் ஆக்சிசன் இல்லை, மீத்தேன் மிகுந்துள்ளது. கடல்நீரின் உப்புகள் இன்றி இப்பாக்டீரியா வளராது. 10 முதல் 13 பாகை வரையிலான வெப்பநிலையே இதற்கு மிகவும் ஏற்றது.

மீத்தேனை உண்ணும் முறை

மீத்தேன் மோனோ ஆக்சிசனேசு என்னும் நொதி, ஆக்சிசனின் துணையுடன் மீத்தேனை மெத்தனாலாக மாற்றுகிறது. மெத்தனால் பின்னர் ஃபார்மால்டிஹைடு ஆகிறது. அதில் ஒரு பங்கு உயிரணுவைக் கட்டமைக்கச் செல்ல, எஞ்சியது கார்பன் டை ஆக்சைடாக ஆக்சிசனேற்றமடைந்து ஆற்றல் தருகிறது. ஆக்சிசன் இன்றியமையாதது என்பதால், கீழிருந்து மீத்தேனும் மேலிருந்து ஆக்சிசனும் வந்து சந்திக்கும் மெல்லிய அடுக்கிலேயே இவை பெரும்பாலும் செறிந்து வாழ்கின்றன. உயிரணுச் சவ்விலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள், குளிரில் சவ்வு இறுகிவிடாமல் காக்கின்றன.

உருகும் உறைமண்

வடதுருவப் பகுதியின் நிலைத்த உறைமண் உருகும்போது, அதிற் புதைந்திருந்த தாவரக் கழிவுகளிலிருந்து மீத்தேனாக்கிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. மீத்தேனுண்ணிகள் அதனை எவ்வளவு தடுக்கும் என்பதை வெப்பநிலையைவிட நீரின் நிலையே பெரிதும் முடிவு செய்கிறது எனலாம். நிலம் வடிந்து காற்றோட்டம் பெற்றால் பெரும்பகுதி மண்ணிலேயே உண்ணப்பட்டுவிடும். நீர் தேங்கினால் ஆக்சிசன் கிடைக்கும் அடுக்கு சுருங்கிவிடும். சைபீரியா, அலாஸ்கா ஆகிய இடங்களில் உறைமண் உருகித் தோன்றிய ஏரிகளில், மீத்தேன் குமிழிகளாகவும் மேலெழுகிறது. இக்குமிழிகள் நீரில் முழுதும் கரையுமுன் விரைந்து மேலே சென்றுவிடுவதால், இப்பாக்டீரியாக்களால் அவற்றைப் பெரிதும் பயன்படுத்த இயல்வதில்லை.