மதிப்பெண் போடுபவரிடம் மனம் திறக்குமா?

பிறர் பட்ட கொடுமையை நாள்தோறும் கேட்கும் சிகிச்சையாளருக்குள் என்ன நடக்கிறது என்பதை லிசா மெக்கேனும் லாரி ஆன் பெர்ல்மனும் 1990-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். மனிதர்களை நம்பலாம், உலகம் ஓரளவு பாதுகாப்பானது என்ற அடிப்படை எண்ணங்களே ஆட்டம் காண்கின்றன. இதைப் பிறர்வழி மனவடு எனலாம். ஐந்து ஆண்டுகள் கழித்து பெர்ல்மனும் பாலா மக் ஐயனும் 188 சிகிச்சையாளர்களை ஆராய்ந்தார்கள். தொழிலுக்குப் புதியவர்களே அதிகம் தடுமாறினார்கள். சொந்த வாழ்வில் அடிபட்டவர்களை இவ்வேலை கூடுதலாகப் பாதித்தது.

இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தால்?

நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்தில் அது எளிதில் சேரும். காவிரிக்கு அக்கரையில் பவானி, இக்கரையில் விசைத்தறி. முன்பணம் வாங்கிப் பட்டறையோடு கட்டுண்ட குடும்பங்களும், வாரத் தவணைக்கு வாசலில் நிற்கும் வசூல்காரர்களும் இங்கே புதிதல்ல. பக்கத்துப் பள்ளிபாளையத்தில் கடனில் மூழ்கிய தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் சிறுநீரகம் விற்க வைத்த விவகாரம் 2025-இல் உயர் நீதிமன்றம் வரை போனது. தறி ஓட்டுபவரின் மகள் உளவியல் படித்து இப்பகுதியில் பயிற்சிக்கு உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் சொல்லும் கதையில் பாதி அவள் வீட்டுக் கதையாகவே இருக்கக்கூடும்.

கேட்பவரும் சொல்பவரும் ஒரே வடுவைப் பகிரும் இந்த நிலையை யாழ்ப்பாணம் மிகப் பெரிய அளவில் கண்டது. இலங்கைப் போரின் உள வடுக்களைப் பற்றி 1998-இல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' நூலை எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் அந்த மக்களிடையேதான் பணியாற்றினார். அங்கே ஆற்றுப்படுத்த வந்தவர்களும் அதே இடப்பெயர்வையும் இழப்பையும் அறிந்தவர்கள். ஊர்க்காரராக இருப்பது அவர்களின் பலம், ஆபத்தும் அதுவே.

இங்கேதான் மேற்பார்வை, அதாவது பயிற்சியாளரின் வேலையை மூத்தவர் ஒருவர் உடனிருந்து வழிநடத்துவது, வர வேண்டும். இந்திய மறுவாழ்வு மன்ற அங்கீகாரத்துடன் நடந்துவந்த இரண்டாண்டு எம்.பில். மருத்துவ உளவியல் படிப்பே மேற்பார்வையை அடித்தளமாகக் கொண்டதுதான். ஆனால் மேற்பார்வை நேரத்தைக் கேஸ் ஷீட்டும் நோயறிதலும் சோதனை மதிப்பீடுமே விழுங்கிவிடுவது எளிது. அந்தக் கதை உன்னை என்ன செய்தது என்று கேட்க அவகாசம் இருப்பதில்லை. கேட்டாலும் உண்மையான பதில் வருமா என்பது வேறு. நிக்கோலஸ் லடானியும் சகாக்களும் 1996-இல் 108 பயிற்சியாளர்களிடம் விசாரித்தபோது, 97.2 சதவீதம் பேர் மேற்பார்வையாளரிடம் எதையோ மறைத்திருந்தார்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைப் போடுபவரிடமே 'தூக்கம் வரவில்லை' என்று சொல்ல யார் துணிவார்?

ஆகவே மதிப்பிடும் மேற்பார்வையும் தாங்கும் மேற்பார்வையும் ஒரே கையில் இருக்கக் கூடாது. அப்படிப் பிரித்தால் மேற்பார்வை சிகிச்சையாகிவிடும் என்ற மறுப்பு எழும். அதில் நியாயம் உண்டு. பயிற்சியாளரின் முழு வாழ்க்கையையும் தோண்டத் தேவையில்லை. அந்தக் குறிப்பிட்ட கதை அவளது கேட்கும் திறனை எங்கே தடுத்தது என்ற அளவில் நின்றால் போதும். சிறிய ஊரில் இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? சேலத்திலோ ஈரோட்டிலோ உள்ள, அவளுக்கு மதிப்பெண் போடாத மூத்தவர் ஒருவர், வாரம் ஒரு மணி நேரம், தொலைபேசியிலாவது. சிகிச்சைக்கு வந்தவரின் பெயர், தெரு, பட்டறை எதையும் சொல்லாமல் பேசுவது அந்த உரையாடலின் முதல் விதி. பயிற்சியாளர்கள் குழுவாகக் கூடும்போது கவனிக்க இன்னொன்றும் உண்டு: கொடுமையின் விவரங்களை அப்படியே ஒப்பித்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சக மாணவிக்கும் அதே சுமை ஏறிவிடும்.