பெண்களின் வாக்குரிமை: அரசியல் சாசனம் தரும் பாதுகாப்பு எவ்வளவு?

வாக்களிக்கும் உரிமை அடிப்படை உரிமையா, அரசியல் சாசன உரிமையா அல்லது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வழங்கும் உரிமை மட்டும்தானா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் இதுவரை ஒரே விடையை அளித்ததில்லை. வாக்காளர் பட்டியலில் தன் பெயரைக் காணாத பெண்ணுக்கு இது வெறும் ஏட்டளவிலான விவாதம் அன்று.

பிரிட்டிஷ் ஆட்சியின் 1919-ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதா என்பதை மாகாண சட்டமன்றங்களின் முடிவுக்கே விட்டது. 1921-இல் சென்னை மாகாணம் முதலில் அத்தடையை நீக்கியது. எனினும் சொத்துத் தகுதி தொடர்ந்ததால் பயனடைந்தோர் சிலரே. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிக்கையை உயர்த்தியபோதிலும், பல பெண்கள் கணவரின் தகுதியைக் கொண்டே வாக்காளர் ஆயினர்.

அரசியல் சாசனம் இத்தொடர்பைத் துண்டித்தது. பாலினத்தை மட்டும் காரணம் காட்டி எவரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது 325-ஆவது பிரிவு. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்கிறது 326-ஆவது பிரிவு. 21-ஆக இருந்த வயது வரம்பு, 61-ஆவது திருத்தத்தின் மூலம் 1989-இல் 18 ஆனது.

ஆயினும், 1951-52 முதல் பொதுத் தேர்தலிலேயே சிக்கல் எழுந்தது. பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைக் கூறாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே பதிவு செய்திருந்தனர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. பெயரைத் தெரிவிக்க பிகாரில் கூடுதல் அவகாசமும் அளிக்கப்பட்டது. இறுதியில், சுமார் 8 கோடி பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேரின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான், ஆனால் பெண் தன் பெயரிலேயே வாக்காளர் என்ற நிலை அதனால் உறுதியானது.

நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு வருவோம். பொன்னுசாமி வழக்கிலும் (1952), ஜோதி பாசு வழக்கிலும் (1982) வாக்குரிமை சட்டவழி உரிமையே எனக் கூறப்பட்டது. 2003-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில், அது குறைந்தபட்சம் அரசியல் சாசன உரிமை என நீதிபதி பி.வி. ரெட்டி கருதினார். 2006-இல் குல்தீப் நய்யார் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு பழைய நிலைப்பாட்டுக்கே திரும்பியது. தேர்தல் ஆணையர்கள் நியமனம் குறித்த அனூப் பரன்வால் வழக்கில் (2023) நீதிபதி அஜய் ரஸ்தோகி மட்டும், தனித் தீர்ப்பில், வாக்குரிமையை அடிப்படை உரிமைகளோடு இணைத்தார்.

சட்டவழி உரிமை என்றாலும் பெண் என்பதற்காக எவரையும் விலக்க இயலாது. 325-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. வசிப்பிடம், ஆவணம் போன்ற நிபந்தனைகள் இருபாலருக்கும் பொதுவானவை. ஆனால் திருமணத்துக்குப் பின் ஊரும், சில வேளைகளில் பெயரும் மாறுவது பெரும்பாலும் பெண்களுக்கே.

2025-இல் பிகாரில் நடைபெற்ற சிறப்புத் தீவிரத் திருத்தம் இதற்குச் சான்று. அதில் 2003-ஆம் ஆண்டுப் பட்டியல் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. அதில் இடம்பெறாதவர்கள் பெற்றோரின் பதிவைக் காட்டலாம் என்றபோது, மணமாகி வேறு ஊர் சென்ற பெண்கள் பிறந்த வீட்டின் பட்டியலைத் தேட வேண்டியதாயிற்று. வரைவுப் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களையும் காரணத்துடன் வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 14-இல் உத்தரவிட்டது.

பட்டியலில் ஏற்கெனவே உள்ளவரை நீக்கும் முன் நோட்டீஸ் அளித்து விளக்கம் கேட்க வேண்டும் என்பது லால் பாபு உசேன் வழக்கில் (1995) வகுக்கப்பட்ட நெறி. வசிப்பிடம் மாறிவிட்டதாகக் கூறி நீக்கும்போதும் விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. வாக்காளர் பதிவு அதிகாரியின் உத்தரவை எதிர்த்து மாவட்ட ஆட்சியரிடம் 15 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தீர்வு கிடைக்காவிடில், 30 நாள்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியை அணுகலாம்.