மிதிவண்டி வீரரின் உழைப்பை அளந்த வரலாறு

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. பல்லடம், சூலூர், உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் வாழ்வோருக்கு இது கண்கூடான அனுபவம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அவ்வழியே புகுந்து, கொங்குச் சமவெளியில் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. இவ்வட்டாரத்தில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் அதுவே.

இக்காற்றில் மிதிவண்டிப் பந்தயத்துக்குப் பயிற்சி செய்யும் ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள். மார்கழியில் பல்லடத்திலிருந்து மேற்கே சூலூர்ப் பக்கம் 20 கிலோமீட்டர் சென்று திரும்ப அவனுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆடியில் அதே பாதைக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. கால்களும் கடுக்கின்றன. "என் திறமை குறைந்துவிட்டது, இன்னும் அதிகமாக ஓட்ட வேண்டும்" என்று முடிவு செய்கிறான். இரண்டு வாரத்தில் உறக்கம் கெடுகிறது, படிப்பும் கெடுகிறது. பந்தய நாளில் பிறருக்குப் பின்னால் வருகிறான்.

அவன் செய்த தவறு என்ன? சோம்பல் அன்று; அளவையில் நேர்ந்த பிழை. சென்ற தொலைவை அளந்தான். செய்த உழைப்பை அளக்கவில்லை. இவ்விரண்டும் வேறு என்பதை உணர அறிவியலுக்கே நீண்ட காலம் பிடித்தது. அந்த வரலாற்றைக் காண்போம்.

மூச்சிலிருந்து தொடங்கிய அளவை

மனித உழைப்பை முதன்முதலில் வேதியியல் முறையில் அளந்தவர்களுள் தலையாயவர் பிரான்சு நாட்டு அறிஞர் லவாசியே. 1790ஆம் ஆண்டையொட்டி அவரும் அவருடைய உதவியாளர் செகேனும் ஒரு சோதனை நிகழ்த்தினர். சோதிக்கப்பட்டவர் செகேனே. அவர் ஓய்வாக இருக்கும்போதும், காலால் மிதித்து வேலை செய்யும்போதும் எவ்வளவு பிராணவாயுவை உட்கொள்கிறார் என்று லவாசியே அளந்தார். வேலை செய்தபோது அந்த அளவு பன்மடங்கு உயர்ந்தது. அடுப்பில் விறகு எரிவதுபோல உடலிலும் உணவு எரிகிறது. உழைப்பு கூடினால் எரிதலும் கூடும் என்பது விளங்கிற்று. 1794இல் லவாசியே கொலைக்களத்தில் மாண்டார். ஆனால் உழைப்பை மூச்சால் அளக்கலாம் என்ற அவரது கருத்து மாளவில்லை.

அப்போது மிதிவண்டி பிறக்கவே இல்லை. 1817இல் ஜெர்மனியின் டிரைஸ் செய்த வண்டிக்கு மிதி கிடையாது. காலால் தரையை உதைத்தே செல்ல வேண்டும். 1860களில் பிரான்சில் மிதி பொருத்தப்பட்டது. 1885இல் ஸ்டார்லி இன்றைய வடிவை ஒத்த வண்டியை உருவாக்கினார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொணர்ந்தார். பந்தயங்கள் பெருகின. 1903இல் பிரான்சுச் சுற்றுப் பந்தயம் தொடங்கியது.

ஓடாத மிதிவண்டி

ஐரோப்பாவில் பந்தயக் காலம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். அதன்பின் பனி. சாலையில் வண்டி ஓட்டுவது அரிது. எனவே வீரர்கள் குளிர்காலத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி வீட்டுக்குள்ளேயே மிதித்தனர்; அல்லது கூரையிட்ட ஓடுதளங்களை நாடினர். பனி இல்லாத நாட்களில் மெதுவாக நெடுந்தூரம் சென்றனர். எத்தனை மைல் சேர்த்தோம் என்பதே அவர்களது கணக்கு.

இதே வேளையில் விஞ்ஞானிகளும் ஓடாத மிதிவண்டி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தனர். அதற்கு எர்கோமீட்டர், அதாவது உழைப்புமானி, என்று பெயர். அமெரிக்காவில் அட்வாட்டரும் பெனடிக்டும் அமைத்த கருவியில் பின்சக்கரத்துக்குப் பதிலாகச் செப்புத் தகடு ஒன்று இருந்தது. அது மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே சுழலும். தகட்டில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி அதன் ஓட்டத்தைத் தடுக்கும். மின்னோட்டத்தைக் கூட்டினால் தடை கூடும். எனவே மிதிப்பவர் எவ்வளவு வேலை செய்கிறார் என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம். டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் 1913இல் இதே தத்துவத்தில் தமது கருவியை வெளியிட்டார். அவர் 1920இல் நோபல் பரிசு பெற்றவர்.

அதே 1913இல் பெனடிக்டும் காத்கார்ட்டும் தொழில்முறைப் பந்தய வீரர் ஒருவரை இக்கருவியில் மிதிக்கச் செய்து, கண்டவற்றை ஒரு நூலாக வெளியிட்டனர். உடல் எரிக்கும் உணவாற்றலில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் மிதியைச் சென்றடைகிறது. எஞ்சியது வெப்பமாகிறது என்பது தெளிவாயிற்று. ஒருவர் 100 வாட் திறனில் ஒரு மணி நேரம் மிதித்தால் சக்கரத்துக்குச் செல்வது 86 கிலோ கலோரி. உடல் செலவிடுவதோ ஏறத்தாழ 370 கிலோ கலோரி. சித்திரை வெயிலில் மிதிவண்டி வீரர் ஏன் வியர்வையில் குளிக்கிறார் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

சென்னையில் ஒரு பாடம்

இந்தப் பெனடிக்டின் பெயர் நம் நாட்டு ஆராய்ச்சியிலும் இடம்பெற்றது. சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன், பெனடிக்டுடன் இணைந்து, தென்னிந்தியப் பெண்கள் முழு ஓய்வில் செலவிடும் ஆற்றலை ஆராய்ந்தார். ஆய்வு முடிவு 1931இல் வெளிவந்தது. மேனாட்டு அட்டவணைகள் கூறிய அளவைவிட இப்பெண்களின் ஆற்றல் செலவு குறைவாகவே இருந்தது. உடலின் பருமனையும் தசையின் அளவையும் முறையாகக் கணக்கிட்டால் இவ்வேறுபாடு பெரிதும் குறையும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. எவ்வாறாயினும் பாடம் ஒன்றே: ஓரிடத்துச் சராசரியை இன்னோர் உடலின்மேல் அப்படியே சுமத்தலாகாது.

நாடியே கருவி

1923இல் இங்கிலாந்தின் ஏ. வி. ஹில், உடல் உட்கொள்ளக்கூடிய பிராணவாயுவுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று விளக்கினார். ஆனால் அதை அளக்க மூச்சுக் காற்றைப் பைகளில் பிடித்துச் சோதிக்க வேண்டும். இதற்கு எளிய வழி சுவீடனில் பிறந்தது. 1954இல் வான் டோபெல்ன் சக்கரத்தைச் சுற்றிய ஒரு பட்டையால் தடை தரும் மலிவான உழைப்புமானியைச் செய்தார். அதே ஆண்டில் ஆஸ்ட்ராண்டும் ரைமிங்கும், குறிப்பிட்ட சுமையில் சில நிமிடம் மிதிப்பவரின் நாடித் துடிப்பைக் கொண்டே அவரது பிராணவாயு உச்சத்தை மதிப்பிடும் வரைபடத்தை அளித்தனர்.

1957இல் பின்லாந்தின் கார்வோனன் மேலும் ஒரு படி சென்றார். ஓய்வு நிலைத் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் உள்ள இடைவெளியில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மேல் துடிப்பு உயர்ந்தால்தான் தம் சோதனையில் பயிற்சி பலன் தந்தது என்று கண்டார். ஒருவரின் ஓய்வுத் துடிப்பு 60, உச்சத் துடிப்பு 200 என்று கொள்வோம். இடைவெளி 140. அதில் 60 சதவீதம் 84. அதனுடன் 60ஐக் கூட்டினால் 144. இதுவே அவருக்குரிய எல்லை. உச்சத் துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் வழக்கம் 1970களில் பரவியது. அது தோராயமே; ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து துடிப்பு வேறுபடும்.

ஓடும்போது நாடியை விரலால் எண்ணுவது கடினம். பனியில் கையுறை அணிந்து சறுக்கும் பின்லாந்து வீரர்களுக்கு அது இன்னும் கடினம். அந்நாட்டின் செப்போ சாய்னாயாகங்காஸ் 1977இல் தொடங்கிய போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லா நாடிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்பில் ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு கடிகாரம், அவ்வளவே.

ஆயினும் நாடி காட்டுவது உடல் கொடுக்கும் விலையை. செய்த வேலையை அன்று. வெயில், நீர்க்குறைவு, உறக்கமின்மை ஆகியவை அதே வேலைக்கு நாடியை உயர்த்திவிடும். 1986இல் ஜெர்மனியின் உல்ரிக் ஷோபரர் கிராங்கிலேயே உணர்விகளைப் பதித்தார். மிதிக்கும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அவ்வளைவை மின்தடை மாற்றமாக அளந்து வாட் கணக்கில் காட்டினார். உழைப்புமானி ஆய்வுக்கூடத்தைவிட்டுச் சாலைக்கு வந்தது.

காற்றின் கணக்கு

இப்போது நம் மாணவனிடம் திரும்புவோம். காற்றுத்தடை, வண்டிக்கும் காற்றுக்கும் உள்ள ஒப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். நிமிர்ந்து அமர்ந்து, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் செல்பவருக்கு, காற்றற்ற நாளில் ஏறத்தாழ 80 வாட் வேண்டும். அதே வேகத்தில் காற்று பின்னாலிருந்து வீசினால் காற்றுத்தடை மறைந்துவிடும். டயர் உருள்வதற்கான 35 வாட் போதும். அதே காற்று எதிரே வீசினால் சுமார் 230 வாட் வேண்டும்! தொலைவு ஒன்றே, நேரமும் ஒன்றே. உழைப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு மாறுகிறது. எதிர்க்காற்றில் இழந்ததைப் பின்காற்று முழுமையாகத் திருப்பித் தருவதும் இல்லை. இரண்டின் சராசரி 130 வாட்டுக்கு மேல். ஆடியில் மாணவனின் நேரம் கூடியது வியப்பன்று. அவன் திறமை குறையவில்லை; சுமை கூடியிருந்தது.

ஓய்வும் ஒரு பயிற்சியே

அளந்த சுமையை எவ்வாறு பயன்படுத்துவது? 1975இல் கனடாவின் பானிஸ்டரும் அவர் குழுவினரும் இதற்கு ஒரு கணித முறையை வகுத்தனர். ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டு விளைவுகளை விட்டுச் செல்கிறது. ஒன்று திறமை, மற்றொன்று களைப்பு. களைப்பு விரைவில் ஏறும், விரைவில் இறங்கும். திறமை மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். பந்தய நாளில் வெளிப்படுவது இவ்விரண்டின் கழித்தல் விடை.

இம்முறையைப் பின்பற்றுவோர் பொதுவாகத் திறமைக்கு 42 நாள், களைப்புக்கு 7 நாள் என்ற காலமாறிலிகளைக் கொள்கின்றனர். இதன்படி பத்து நாள் முழு ஓய்வுக்குப் பின் திறமையில் ஐந்தில் நான்கு பங்கு எஞ்சியிருக்கும்; களைப்பில் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். இவை தோராயமான எண்களே. ஆளுக்கு ஆள் மாறும். எனினும் உண்மை தெளிவு. நாளெல்லாம் உழுத காளையை மறுநாளே ரேக்ளாவில் பூட்ட எந்தக் கொங்கு உழவரும் ஒப்பமாட்டார். அவர் அனுபவத்தில் அறிந்ததைப் பானிஸ்டர் சமன்பாட்டில் எழுதினார்.

2003இல் அமெரிக்காவின் ஆண்ட்ரூ காகன் இக்கருத்தை வாட் அளவையோடு இணைத்தார். ஐரோப்பிய வீரர்கள் குளிர்காலம் முழுவதும் சுமையைப் படிப்படியாக ஏற்றி, இடையிடையே ஓர் எளிய வாரம் விட்டு, பந்தயத்துக்கு முன் சுமையைக் குறைப்பது இக்கணக்கின்படியே. நம் நாட்டிலும் டில்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கூரையிட்ட ஓடுதளம் அமைந்தது. அங்கே பருவக்காற்று குறுக்கிடாது. அந்தமானைச் சேர்ந்த எஸோ ஆல்பன் 2018இல் இளையோர் உலகப் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்று இந்தியாவின் பெயரை அப்பட்டியலில் சேர்த்தார்.

கருவி இல்லாதவர் என்ன செய்வது?

திறன்மானியின் விலை ஒரு நல்ல மிதிவண்டியின் விலையைவிட மிகுதி. பள்ளி மாணவனுக்கு அது எட்டாது. ஆனால் சுவீடனின் குன்னர் போர்க் 1960களில் விலையில்லாக் கருவி ஒன்றைத் தந்தார். "எவ்வளவு கடினமாக இருந்தது?" என்று கேட்டு, விடையை எண்ணாகச் சொல்லச் செய்தார். உழைப்புமானியில் சோதித்தபோது அவ்வெண் நாடித் துடிப்போடு நன்கு ஒத்துச் சென்றது. பின்னர் அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர், 0 முதல் 10 வரையுள்ள கடின எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கி, அன்றைய சுமையைக் கணக்கிட்டார்.

நம் மாணவனின் மார்கழி ஓட்டம் 120 நிமிடம், கடினம் 3, சுமை 360. ஆடியில் எதிர்க்காற்றில் 90 நிமிடம், கடினம் 6, சுமை 540. திரும்பும்போது 60 நிமிடம், கடினம் 2, சுமை 120. கூட்டினால் 660. தொலைவு இரண்டு நாளும் 40 கிலோமீட்டர்தான். சுமையோ ஏறத்தாழ இரட்டிப்பு!

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலையில் எழுந்தவுடன், படுக்கையிலேயே, ஒரு நிமிட நாடியை எண்ணி எழுதுங்கள். பயிற்சி முடிந்ததும் நிமிடத்தையும் கடின எண்ணையும் எழுதுங்கள். முந்தைய இரவு எவ்வளவு உறங்கினீர்கள் என்பதையும் குறியுங்கள். ஆடியில் முதலில் மேற்கே செல்லுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று துணை நிற்கும். காற்று தணிந்த மார்கழியிலும் தையிலும் வேகப் பயிற்சியைக் கூட்டலாம். காலை நாடி வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு உயர்ந்து, அதுவும் சில நாள் தொடர்ந்தால், வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓய்வெடுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ தோன்றினால் கணக்கை மறந்து மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஐரோப்பியருக்குப் பனி தடையானது. அவர்கள் வீட்டுக்குள் அமர்ந்து உழைப்பை அளக்கக் கற்றனர். நமக்குக் காற்று தடையாகிறது. அடுத்த ஆடியில் அம்மாணவனின் நோட்டில் தொலைவுக்குப் பக்கத்தில் சுமையும் எழுதப்பட்டிருந்தால், கடுக்கும் கால்களைப் பார்த்து அவன் தன்னைப் பழிக்க மாட்டான்.