விதையும் தண்டும்: கொத்மலைத் தேயிலையில் இனப்பெருக்க உத்திகள்

இலங்கையின் கொத்மலைப் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் விதைத் தேயிலை மலையும் வீ.பி. (தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த தேயிலை) மலையும் அருகருகே உள்ளன. முன்னதில் ஒரு செடியின் இலை அகன்று தொங்கும். பக்கத்துச் செடியின் இலை சிறுத்து நிமிர்ந்து நிற்கும். கொழுந்தின் நிறமும் துளிர்க்கும் காலமும் செடிக்குச் செடி மாறும். வீ.பி. மலையிலோ எல்லாக் கொழுந்தும் ஒரே நிறத்தில், ஒருசேர வரும். பாலினப் பெருக்கம், பாலிலாப் பெருக்கம் ஆகிய இரண்டு உத்திகளின் விளைவு இது. எந்த எதிரியை, எவ்வளவு காலத்துக்கு எதிர்கொள்ள வேண்டும் என்பதைப் பொறுத்தே ஓர் உத்தியின் தகுதி அமைகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தேயிலை இயல்பில் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். தன் மகரந்தத்தால் அதில் விதை பிடிப்பது மிக அரிது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை விதை வழியாகவே மலையகமெங்கும் பரவியது. ஆகவே பழைய மலையில் ஒவ்வொரு செடியும் தனியொரு மரபுக் கலவை.

கலப்புக்கு விலை உண்டு. நல்ல விளைச்சல் தரும் செடியின் விதை அதே விளைச்சலைத் தருமென்ற உறுதியில்லை. இந்த விலையைத் தவிர்க்கவே, ஓர் இலையும் அதன் கக்கத்து மொட்டும் கொண்ட சிறு தண்டுத் துண்டைத் தவறணையில் வேரூன்றச் செய்யும் முறை வந்தது. 1925இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தேர்ந்த தாய்ச்செடிகளுக்கு எண்ணிட்டு வெளியிட்டது, டி.ஆர்.ஐ. 2025 அவற்றுள் பெயர்பெற்றது. தாய்ச்செடியின் குணம் மாறாமல் கிடைப்பது பெரும் ஆதாயம். ஆனால் அதைத் தாக்க வல்ல ஒரு நோய்க்கு மலை முழுவதும் ஒரே பூட்டுத்தான். ஒரு சாவி போதும்.

தேயிலைக்கு முன் இத்தோட்டங்களில் பயிரான கோப்பியின் வீழ்ச்சி, ஒரே மாதிரியான பயிருக்கு உள்ள இந்த ஆபத்துக்குச் சான்று. யேமனிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட சில செடிகளின் வழிவந்ததும் தன்மகரந்தச் சேர்க்கை கொண்டதுமான அரபிக்காவில் மரபு வேறுபாடு குறைவு. 1869இல் மடுல்சீமையில் இலைத்துரு நோய் காணப்பட்டது. 1880 முதல் 1882 வரை அதை ஆராய்ந்த தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்ட், காற்றில் பரவும் வித்துகளுக்கு இடைவெளியற்ற கோப்பிப் பரப்பு வழிவிட்டதை எடுத்துக்காட்டினார். இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் தேயிலைக்கு மாறிவிட்டன.

எனினும், நகலெடுத்தல் தோல்விக்கே இட்டுச்செல்லும் என்று இதிலிருந்து முடிவுகட்டலாகாது. கோப்பியை வென்ற துருப் பூஞ்சை பரவியதே பாலிலா வித்துகளால்தான். தேயிலைக் கிளையைத் துளைக்கும் சிறுவண்டின் கதை இன்னும் வியப்பானது. தாய் வண்டு கிளைக்குள் குடைந்த வழியின் சுவரில் பூஞ்சையை வளர்த்துக் குஞ்சுகளுக்கு உணவாக்குகிறது. கருவுற்ற முட்டை பெண்ணாகிறது. கருவுறாத முட்டை ஆணாகிறது. பறக்க இயலாத அந்தச் சில ஆண்கள் கூட்டுக்குள்ளேயே உடன்பிறந்த பெண்களுடன் சேர்கின்றன. கருவுற்ற பெண் ஒன்று தனியே வேறொரு செடிக்குப் பறந்தாலே புதிய குடும்பம் உருவாகிவிடும். ஆணுக்கு ஒற்றை மரபுத் தொகுதியே இருப்பதால் கேடான மரபணுக்கள் மறைந்திருக்க முடியாமல் விரைவில் களையப்படுகின்றன. உட்கலப்பு இங்கே பலமாகிறது.

ஆக, தலைமுறை வேகமும் எண்ணிக்கையும் உள்ள உயிருக்கு நகலெடுப்பும் உட்கலப்பும் பொருந்தும். பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் நிற்கும் செடிக்கு அந்த வேகம் இல்லை. உயிரியலாளர் லீ வான் வேலன் 1973இல் முன்வைத்த கருதுகோளின்படி, எதிரிகள் மாறிக்கொண்டே இருக்க, உயிரினம் தன் இடத்தைக் காக்கவே ஓயாமல் மாற வேண்டியுள்ளது. வீ.பி. செடியால் அப்படித் தானாக மாற இயலாது. அதன் சார்பில் மனிதரே தேர்ந்து மாற்ற வேண்டும். அந்தத் தேர்வுக்கான மூலப்பொருள் விதைத் தேயிலை மலைகளில் உள்ளது. மறுநடுகைக்காக அவற்றைப் பிடுங்கும் முன், ஒவ்வொரு தோட்டமும் வேறுபட்ட செடிகளை அடையாளமிட்டு, அவற்றிலிருந்து தண்டுத் துண்டெடுத்துப் பாதுகாக்க வேண்டும். பிடுங்கிய பிறகு அக்கலவையை எந்தத் தவறணையாலும் மீட்டுத் தர முடியாது.