பணி நாய்களின் ஐந்தாம் விரல்: அகற்றுவது அவசியமா?

ராணுவம், காவல் துறை, ஆட்டு மந்தை என எங்கு பணிபுரியும் நாயாயினும், அதன் முன்கால்களின் உட்புறத்தில் மற்ற விரல்களுக்குச் சற்று மேலே ஐந்தாம் விரல் அமைந்திருக்கும். மனிதரின் கட்டைவிரலுக்கு இணையான இது, புதரில் சிக்கிக் கிழியக்கூடும் என்ற அச்சத்தால் குட்டிப் பருவத்திலேயே அகற்றப்படுவதுண்டு.

ஆனால், முன்கால் விரல் பயனற்றதன்று. எலும்பாலும் தசைநாண்களாலும் காலுடன் இணைந்துள்ள இது, நாய் விரைந்தோடித் திரும்பும்போது தரையில் ஊன்றி, மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளாமல் காக்க உதவுகிறது. கடிக்கும் எலும்பை இறுகப் பற்றவும் பயன்படுகிறது.

பின்கால் விரலின் நிலை வேறு. பெரும்பாலான நாய்களுக்கு இது இருப்பதில்லை. இருந்தாலும், பலவற்றில் தோலால் மட்டுமே தொங்குவதால் எளிதில் காயமடையக்கூடும். எனினும், பிரான்ஸின் போசெரான் மேய்ப்பு நாய்க்குப் பின்கால்களின் இரட்டை விரல்களே இன அடையாளம்.

தரையில் உரசித் தேயாத இந்நகம் வளைந்து வளர்ந்து சதையில் குத்தலாம். அவ்வப்போது வெட்டிவிட்டால் அதனைத் தவிர்க்கலாம். கட்டியோ, தொடர் காயமோ இருந்தால் கால்நடை மருத்துவரே மயக்க மருந்து அளித்து அகற்ற வேண்டும். இந்தியாவில் விலங்குகளின் உறுப்பைச் சிதைப்பது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.